நீலப் பையை எடுக்காத மாலை

சலவைக்கடை அக்காவுக்கு வானிலை அறிக்கை கேட்கிற வழக்கமே கிடையாது. ரேடியோவில் மழை என்று சொன்னால், "அவங்க எந்த மொட்டை மாடியில நின்னு பார்த்தாங்களாம்?" என்பாள். மூன்று விடுதிகளின் படுக்கை விரிப்புகளை இருபத்தெட்டு வருஷமாக மாடிக் கொடியில் காயப்போட்டு எடுக்கிறவள். காற்று திரும்பினால் விரிப்பின் ஓரம் சொல்லிவிடும். ஈரம் ஏறினால் அவள் புறங்கை சொல்லிவிடும். காய்ந்த விரிப்பு நனைந்தால் மறுபடி துவைத்து, நீலம் போட்டு, இஸ்திரி தேய்த்து முடிக்க இன்னொரு முழு நாள் போய்விடும். அதனால் அவள் விட்டதே இல்லை. அவள் கொடியில் ஒரு துணிகூட மழையில் நனைந்ததில்லை என்பதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். கேட்காதவர்களிடமும் சொல்வாள்.

இப்படி வானத்தையே பார்த்துக் காலம் தள்ளுகிறவளுக்கு இருந்த ஒரே ஆசை சனிக்கிழமைக் கச்சேரி. ஊரைத் தாண்டி ஏரிக்கரையில், சரிவைப் படிப்படியாக வெட்டிக் கட்டிய திறந்தவெளி அரங்கம். கீழே தண்ணீரை ஒட்டி மேடை, அதன் பின்னால் ஏரி, அக்கரையில் இரண்டு மலைகள், நடுவில் ஓர் இடுக்கு. கூரை என்ற பேச்சே இல்லை. ஐந்தரைக்குப் பாட்டு ஆரம்பித்தால் பாதியில் ஏரி முழுக்க மஞ்சள் வெயில் இறங்கும். அந்த நேரத்தில் சுமாராகப் பாடுகிறவர்கள்கூட நன்றாகப் பாடுவது போலிருக்கும். பதினோரு வருஷமாக ஏழாவது படியின் ஓரம்தான் அக்காவின் இடம். பக்கத்தில் எப்போதும் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். காலடியில் ஒரு நீலப் பை. அதில் பாய், குடை, ஒரு பெரிய பிளாஸ்டிக் தாள்.

அந்தப் பைதான் பிறகு பெரிய விவகாரம் ஆனது. மழை வரப்போகிறது என்றால் அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பேசாமல் படியேறிப் போய்விடுவாள். கால் மணியில் மழை கொட்டும். நாலைந்து தடவை தொப்பலாக நனைந்த பிறகு ஜனங்களுக்குப் புத்தி வந்தது. அதிலிருந்து அக்கா பையைத் தொட்டால் முந்நூறு பேரும் பாயைச் சுருட்டினார்கள். ஒருமுறை தும்மல் வந்து கைக்குட்டை எடுக்கப் பையைத் திறந்தாள். அவ்வளவுதான், மூன்று வரிசை காலி. மேடையில் பாடிக்கொண்டிருந்தவர் பாட்டை நிறுத்திவிட்டு, "அவ்வளவு மோசமாவா இருக்கு?" என்று மைக்கிலேயே கேட்டார். அன்று அரங்க மேலாளர் அவளிடம் வந்து கும்பிடாத குறைதான். "அக்கா, இனிமே தும்மறதா இருந்தா முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்றார். அதிலிருந்து கைக்குட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

அவள் கணவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். கச்சேரிக்கெல்லாம் வரமாட்டார், ஆனால் புல்லாங்குழல் வாசிப்பார். வேலை முடிந்து வந்து, மண்ணெண்ணெய் தொட்டு, சோப்புப் போட்டுக் கைக் கிரீஸைக் கழுவிவிட்டு, மாடியில் கொடிகளுக்கு நடுவே உட்கார்ந்து ஆரம்பிப்பார். பாட்டு சூடுபிடிக்கிற நேரம் பார்த்து அக்கா, "எந்திரிங்க, அந்த முனையைப் பிடிங்க" என்பாள். குழலை இடுப்பில் செருகிக்கொண்டு விரிப்பின் முனையைப் பிடிப்பார். விரிப்பை மடித்து முடிக்கும்போது பாட்டு எங்கே விட்டது என்று இரண்டு பேருக்குமே மறந்திருக்கும். "மத்தவங்க பாட்டைத்தான் நீ முழுசா கேப்பே" என்று ஒருநாள் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அக்காவுக்குச் சுருக்கென்றது.

அதனால்தான், பெரிய கச்சேரிக்கு முன்னால் உள்ளூர்க் கலைஞர்களுக்குப் பதினைந்து நிமிஷம் தருவதாக அறிவித்தபோது, அவரைக் கேட்காமலேயே விண்ணப்பம் போட்டாள். அனுமதி வந்ததும் மனுஷன் அந்தக் கடிதத்தை மூன்று தடவை படித்தார்.

"ஜனங்க பாதியில எந்திரிச்சுப் போயிட்டா?"

"எதுக்குப் போறாங்க?"

"நல்லா இல்லைன்னா போவாங்கதானே. டிப்போவுல என்ஜின் சரியா ஓடலைன்னா திருப்பி அனுப்பிடுவாங்க. இங்க அப்படியே எந்திரிச்சுப் போயிடுவாங்களே!"

"நான் உக்காந்திருக்கேன் இல்ல?"

கொஞ்சம் யோசித்தார். "சரி. வேற யாரையும் பார்க்கமாட்டேன். உன்னை மட்டும் பார்த்துட்டே வாசிச்சு முடிச்சிடறேன். நீ மட்டும் எந்திரிக்காதே."

அந்தச் சனிக்கிழமை காலை வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அக்கா நாற்பது வெள்ளை விரிப்புகளைக் கொடியில் போட்டுவிட்டு, எடுப்பதை வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நிம்மதியாகக் கிளம்பினாள்.

அவர் மேடையேறி, தொண்டையைக் கனைத்து, ஏழாவது படியைத் தேடிக் கண்டுபிடித்துக் குழலை வாயில் வைத்தார். மெதுவான பாட்டு ஒன்று, வேகமானது ஒன்று, இதுதான் திட்டம். முதல் இரண்டு மூச்சு நடுங்கியது. மூன்றாவதில் நடுக்கம் நின்றுவிட்டது. அக்காவுக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. அந்த நேரம் பார்த்துப் புறங்கையில் சில்லென்று ஒரு ஈரம்.

மலை இடுக்கைப் பார்த்தாள். சாம்பல் நிறத்தில் ஒன்று எட்டிப் பார்த்தது. முகத்தில் அடித்துக்கொண்டிருந்த காற்று முதுகில் அடிக்க ஆரம்பித்தது. மழைக்கு இன்னும் பத்து நிமிஷம். அவருக்கோ இன்னும் பதினாலு பாக்கி. கை தானாகப் பையை நோக்கிப் போனது. கையை இழுத்து மடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். பையைத் தொட்டால் அரங்கம் காலி. அரங்கம் காலியானால் இந்த மனுஷன் இனிமேல் குழலைத் தொடமாட்டார்.

கண்ணாடிக் கடைக்காரர் சும்மா இருப்பாரா? வானத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பையைப் பார்த்தார். "அக்கா, வருமா?"

ஒரு பொய். இருபத்தெட்டு வருஷத்தில் ஒரே ஒரு பொய் சொன்னால் என்ன குடி முழுகிவிடும்? ஆனால் முன்வரிசையில் ஒருத்தி கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள்.

"வரும். பத்து நிமிஷத்துல" என்றாள்.

"அப்புறம் ஏன் நீங்க உக்காந்திருக்கீங்க?"

"வாசிக்கறது என் வீட்டுக்காரர். நான் நனைஞ்சுக்கறேன். நீங்கெல்லாம் போறதுன்னா சத்தமில்லாம போங்க. அந்தக் குழந்தைக்காரிகிட்ட முதல்ல சொல்லிடுங்க."

செய்தி குசுகுசுவென்று வரிசை வரிசையாகப் போனது. குழந்தைக்காரியும் இன்னும் ஏழெட்டுப் பேரும் குனிந்தபடியே நழுவினார்கள். மற்றவர்கள் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு மேடையைப் பார்த்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. கண்ணாடிக் கடைக்காரர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பத்திரமாகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கையைக் கட்டி உட்கார்ந்துவிட்டார்.

மேடையில் இருந்தவர் பார்த்தது ஒன்றுதான். அவள் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி அசையாமல் இருக்கிறாள். அப்படியென்றால் வானம் சுத்தம். அப்படியென்றால் அவசரமே இல்லை! மெதுவான பாட்டை இன்னும் மெதுவாக்கினார். ஓர் இடத்தில் நின்று குழைந்தார். வேகமாக முடிங்க என்று அக்கா கண்ணை உருட்டினாள். ரசிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு அதே இடத்தை இன்னொரு தடவை வாசித்தார். அட ராமா என்று அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. அதற்கும் கையைத் தூக்க முடியாது.

மழை ஏரியின் மேல் நடந்து வந்து மேடையைத் தொட்டது. அக்கா எழவில்லையே என்று அசட்டையாக இருந்த ஒலிபெருக்கிக்காரர் அலறியடித்துத் தார்ப்பாயை இழுத்தார். மைக் செத்தது. கணவர் திகைத்துப்போய் ஏழாவது படியைப் பார்த்தார். அக்கா முகத்தில் தண்ணீர் வழிய அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றி முந்நூறு பேர், தலையில் பாயைப் போட்டுக்கொண்டு, மூச்சுக் காட்டாமல். நிறுத்தாமல் வாசித்தார். மைக் இல்லாத குழல் மழைக்குள் மெல்லிசாகக் கேட்டது. எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். பாட்டு சுற்றிச் சுற்றி வந்து, ஆரம்பித்த இடத்துக்கே திரும்பி, ஒரு நீண்ட மூச்சில் நின்றது.

இது மாடியில் தினம் தினம் கேட்ட பாட்டு என்பது அப்போதுதான் அக்காவுக்கு உறைத்தது. அதற்கு இப்படி ஒரு முடிவு இருப்பது அவளுக்குத் தெரியாது. அவள் அழுதாள். மழையில் யாருக்கும் தெரியவில்லை. கைதட்டல் ஈரத்தில் சளசளவென்று அடங்க மறுத்தது.

படியேறி வந்தவர் முதல் வேலையாகச் சண்டைக்கு வந்தார். "மழை வரும்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"சொல்லக் கூடாதா? நீ அசையலைன்னுதானே நான் பாட்டை இழுத்துட்டே போனேன்! ரெண்டாவது பாட்டுக்கு நேரமே இல்லாமப் போச்சு." சட்டென்று முகம் மாறியது. "ஐயையோ, மாடியில நாப்பது விரிப்பு!"

"நனையட்டும்" என்றாள் அக்கா. இருபத்தெட்டு வருஷத்தில் அவள் வாயிலிருந்து வராத வார்த்தை. அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

மறுநாள் நாற்பது விரிப்புகளையும் திரும்பத் துவைத்தார்கள். மதியம் மாடியில் முதல் விரிப்பை உதறியதும் அவர் பழக்கதோஷத்தில் மறு முனையைப் பிடிக்கக் கை நீட்டினார். அக்கா முனையைத் தரவில்லை.

"இதை நான் பார்த்துக்கறேன். நீங்க அந்த ரெண்டாவது பாட்டை வாசிங்க, முழுசா."