வீரலட்சுமியின் நான்கு கார்பெட் துண்டுகள்

வீரலட்சுமிக்குச் சொந்த ஊர் சாத்தூர் பக்கம். கல்யாணமாகி ஓசூர் வந்து இருபது வருஷம் ஆகிறது. கணவருக்கு சிப்காட் தொழிற்பேட்டையில், இரும்புத் தகடு அழுத்துகிற பிரஸ் ஷாப்பில் வேலை. இவளும் அங்கேயே ஒரு கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் ஹவுஸ்கீப்பிங்கில் இருந்தாள். துடைத்தோம், போனோம் என்று இருக்கிற ஆள் இல்லை. ஒரே மாதிரி துடைத்த இரண்டு நடைபாதைகளில் ஒன்றில் மட்டும் ஷூத் தடம் விழுகிறதே, ஏன் என்று பத்து நாள் அதன் பின்னாலேயே அலைந்தவள். மேலே போகிற ஏசி குழாய் வியர்த்து, கண்ணுக்குத் தெரியாத ஈரம் தரையில் இறங்குகிறது என்று கண்டுபிடித்துச் சொன்னபோது சூப்பர்வைசர் தலையாட்டினார். குழாயை யாரும் சரி செய்யவில்லை. ஆனாலும் காரணம் தெரிந்துவிட்டது என்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது.

நாலு வருஷத்துக்கு முன் அந்த வேலையை விட்டுவிட்டு, தண்ணீரைப் பீய்ச்சி உறிஞ்சுகிற பழைய மெஷின் ஒன்றையும் ஓம்னி வேன் ஒன்றையும் வைத்து சோஃபா, கார்பெட் கழுவும் தொழிலைத் தொடங்கினாள். கூட்டாளி முனிலட்சுமி, கெலமங்கலத்துக்காரி. வீட்டில் தெலுங்கு, போனில் கன்னடம், வீரலட்சுமியோடு தமிழ் என்று மூன்றிலும் சண்டை போடத் தெரிந்தவள். வண்டி ஓட்டுவதும் அவள்தான்.

போன ஜூலையில் பாகலூர் ரோட்டில் பிரியதர்ஷினி என்பவர் வீட்டுக்குப் போனார்கள். அவர்கள் குடும்பத்துக்கு ரோஜாத் தோட்டம், பசுமைக்குடில் எல்லாம் உண்டு. ஹாலில் பால் நிறத்தில் ஒரு கம்பளிக் கார்பெட். கழுவி முடித்ததும் பளிச்சென்று ஆகிவிட்டது. தவழும் குழந்தை இருக்கிற வீடு, நாளைக்கே எதையாவது கொட்டும் என்று சொல்லி, வீரலட்சுமியே கறை பிடிக்காமல் இருக்க அடிக்கிற மருந்தையும் அடித்துக் கொடுத்தாள். பெங்களூரில் அதை விற்ற கடைக்காரர், எந்த கார்பெட்டுக்கும் அடிக்கலாம், ஈரத்தோடேயே அடித்துவிடலாம் என்று சொல்லியிருந்தார். அன்றைக்கு வெளியே தூறல். அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது என்று முனிலட்சுமி கீழேயிருந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்ததில் அலசல் ஒரு தடவையோடு முடிந்தது.

ஆறு வாரம் கழித்து பிரியதர்ஷினி போன் செய்தார். கோபமாகப் பேசவில்லை. வந்து ஒருதரம் பாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

போய்ப் பார்த்தால், சோஃபாவிலிருந்து சமையலறை வரை ஆள் நடக்கிற வழி அப்படியே சாம்பல் நிறத்தில் தெரிந்தது. கையை வைத்தால் விறைப்பாக, லேசாக ஒட்டுகிற மாதிரி இருந்தது. பிரியதர்ஷினி குழந்தையைத் தூக்கி முழங்காலைக் காட்டினார். இரண்டு முட்டியிலும் கறுப்பு.

"நீங்க கழுவறதுக்கு முன்னாடி ஒரு வருஷம் ஆனாலும் இவ்ளோ அழுக்கு ஆகாதுங்க அக்கா. கழுவின பிறகுதான் இப்படி. எதனாலன்னு சொல்லுங்க."

வீரலட்சுமிக்கு முகம் சுண்டிப்போனது. ஆனால் அந்தக் கேள்வி நியாயமானது என்றும் பட்டது. கழுவினால் அழுக்கு போகத்தானே வேண்டும், எப்படிக் கூடியது? இப்போதைக்குத் தெரியவில்லை, தெரிந்துகொண்டு வந்து சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டு திரும்பினாள். இன்னொருதரம் கழுவிக் கொடுத்து வாயை அடைத்துவிடலாமே என்றாள் முனிலட்சுமி. காரணம் தெரியாமல் கழுவினால் மறுபடியும் இதே கதைதான் என்று வீரலட்சுமி மறுத்துவிட்டாள்.

கடைக்காரருக்குப் போன் போட்டாள். மருந்தில் ஒரு குறையும் இல்லை, நீங்கள் அடித்த விதம்தான் சரியில்லை என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார். அவர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கலாமே என்று அவளுக்குத் தோன்றியது. எந்தப் பாதி என்பதுதான் தெரியவில்லை.

ஹைவே ஓட்டல் ஒன்று வேண்டாமென்று கழித்த கம்பளிக் கார்பெட் அவளிடம் கிடந்தது. அதிலிருந்து நாலு துண்டு வெட்டினாள். நாலையும் ஒரே சோப்பில் கழுவினாள். முதல் துண்டை நன்றாக அலசிக் காயவைத்ததோடு சரி. இரண்டாவதை அலசி, இரண்டு நாள் காயவிட்டு, பிறகு மருந்து அடித்தாள். மூன்றாவதைப் பிரியதர்ஷினி வீட்டில் செய்த மாதிரியே, சரியாக அலசாமல் ஈரத்தோடு அடித்தாள். நாலாவதையும் அலசவில்லை, ஆனால் மருந்தும் இல்லை. அடையாளத்துக்கு ஓரத்தில் துண்டுக்கொரு நிறத்தில் நூல் தைத்தாள்.

அவள் மெஷினை வைத்திருக்கும் ஷெட்டுக்குப் பக்கத்தில் முனிவேல் நடத்துகிற மெஸ். மூன்று ஷிப்ட் ஆட்களும் சாப்பிட வருகிற இடம். அவரிடம் கேட்டு வாசலில் நாலு துண்டையும் வரிசையாகப் போட்டாள். ஆயில் படிந்த சேஃப்டி ஷூக்கள் நூற்றுக்கணக்கில் மிதித்துப் போகும் வாசல் அது. ஐந்தாம் நாள் பார்த்தால் ஒரு விசித்திரம். வெள்ளையாக இருக்கிற துண்டை அழுக்காக்க மனசு வராமல் ஆட்கள் அதைத் தாண்டித் தாண்டிப் போகிறார்கள். இப்படியே விட்டால் கணக்கு தப்பாகிவிடும் என்று, இரண்டு நாளுக்கு ஒருதரம் துண்டுகளை இடம் மாற்றிப் போட்டாள். சாப்பிட வருகிறவர்கள், இன்றைக்கு எதை மிதிக்கணும் அக்கா என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்கள்.

இதற்கு நடுவே தன் வீட்டு மாடியில் குடியிருக்கும் சுபாஷிடம் போனாள். அவன் முலாம் பூசுகிற ஒரு பிளேட்டிங் கம்பெனியில் கழிவுநீர் சோதிக்கிற லேபில் இருக்கிறான். தண்ணீரில் நனைத்தால் நிறம் மாறி, அமிலமா காரமா என்று காட்டுகிற தாள் கொஞ்சம் கொடுத்தான். மூன்றாவது, நாலாவது துண்டுகளை நனைத்துத் தொட்டபோது தாள் கரும்பச்சையாக மாறியது. அவளுடைய சோப்பு காரம். அது இன்னும் உள்ளேயே இருக்கிறது. கம்பளிக்குக் காரம் ஆகாது, அதுவும் ரோமம்தானே என்றான் சுபாஷ்.

மூன்று வாரம் கழித்து நாலையும் எடுத்து வந்து வேக்குவம் போட்டாள். மூன்றாவது துண்டு பிசுபிசுவென்று கறுத்து, எவ்வளவு இழுத்தும் அப்படியே இருந்தது. நாலாவது பாதி வெளுத்தது. இரண்டாவது சுத்தமாகத்தான் இருந்தது, ஆனால் ரோமம் நுனியில் கொத்துக் கொத்தாகச் சேர்ந்து, தடவினால் தேங்காய் நார் போல இருந்தது. ஒன்றுமே அடிக்காத முதல் துண்டில்தான் அழுக்கெல்லாம் உதிர்ந்து, கை வைக்க மெத்தென்று இருந்தது. அதன் மேல் ஒரு சொட்டு டீ விட்டாள். டீ உடனே இறங்கவில்லை. முத்து மாதிரி நின்றது. துணியால் ஒற்றி எடுக்க நேரம் கொடுத்தது. முனிலட்சுமியைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவளும் இன்னொரு சொட்டு விட்டுப் பார்த்தாள். நாலாவது துண்டில் விட்டதும் அதே டீ சட்டென்று உள்ளே போய்விட்டது.

அவளுக்குச் சந்தோஷமும் வெட்கமும் சேர்ந்தே வந்தது. மருந்து மேல் பழி போட்டுவிடலாம் என்றுதான் உள்ளுக்குள் நினைத்திருந்தாள். ஆனால் சோப்பை உள்ளே விட்டது அவள் அவசரம். அதன் மேல் ஈரத்தோடு மருந்து அடித்து மூடி போட்டதும் அவள்தான். அழுக்கு அந்தப் பிசுபிசுப்பில் வந்து உட்கார்ந்துகொண்டது.

நாலு துண்டையும் எடுத்துக்கொண்டு பாகலூர் ரோட்டுக்குப் போனாள். பிரியதர்ஷினி ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தார். குழந்தை இரண்டாவதைப் பிடுங்கிக் கடிக்கப் போனது.

"தப்பு என்னோடதுதான் மேடம்" என்றாள் வீரலட்சுமி. "சரியா அலசல. அது மேல மருந்தையும் அடிச்சுட்டேன். சரி பண்ணிப் பாக்கேன். முழுசாப் போகும்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

பிரியதர்ஷினி முதல் துண்டை இன்னொருதரம் தடவிப் பார்த்தார். பிறகு, "அப்போ கம்பளிக்கு இந்த மருந்தெல்லாம் தேவையே இல்லீங்களா?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரிஞ்ச வரைக்கும், நல்லா அலசின கம்பளிக்குத் தேவைப்படல. கொட்டினா உடனே ஒத்தி எடுத்துருங்க, தேய்க்காதீங்க."

காரத்தை முறிக்க வினிகர் கலந்த தண்ணீரில் இரண்டு நாள், மூன்று தடவை கார்பெட்டை அலசினார்கள். மெஷின் வெளியே துப்புகிற தண்ணீரில் தாளை நனைத்து, கரும்பச்சை போய் மஞ்சள் நிறத்துக்கு வந்த பிறகுதான் நிறுத்தினாள். அந்த வீட்டு மாடியில் மின்விசிறிகளை வைத்து முழுக்கக் காயவிட்டார்கள். நடைவழியின் கறுப்பு ஏறக்குறைய போய்விட்டது. ஜன்னல் பக்கத்து ஓரத்தில் மட்டும் ஒரு முழ அகலத்துக்கு மஞ்சள் பூத்தது போகாமல் நின்றுவிட்டது. பிரியதர்ஷினி அந்தப் பக்கம் செடித் தொட்டிகளை வைத்துக்கொள்கிறேன் என்றார். கிளம்பும்போது தோட்டத்து ரோஜா ஒரு கட்டு கொடுத்தனுப்பினார்.

இப்போதெல்லாம் வீரலட்சுமி ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் கார்பெட்டின் ஓரத்தில் ஒரு இழை பிய்த்துக் கொளுத்திப் பார்க்கிறாள். முடி கருகுகிற வாசனை வந்தால் கம்பளி. அதற்கு மருந்து அடிப்பதில்லை, அடிக்கச் சொல்லிக் கேட்கிறவர்களிடமும் வேண்டாம் என்றுதான் சொல்கிறாள். அதனால் சிலர் வேறு ஆளைத் தேடிப் போனார்கள்.

அந்த ஜன்னல் ஓர மஞ்சள் மட்டும் அவளை விடவில்லை. வெயிலா, மருந்தா, இரண்டும் சேர்ந்தா? ஒரு கம்பளித் துண்டை வெட்டி, பாதிக்கு மருந்து அடித்து, ஷெட் கூரையில் ஆணி அடித்துப் போட்டிருக்கிறாள். சித்திரை வெயில் போகட்டும், பார்க்கலாம் என்கிறாள்.