சீராகக் கொடுத்த பிரிட்ஜ்

பிரபாவின் காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் அந்த பிரிட்ஜ் சேந்தமங்கலத்துக்குத் திரும்பி வந்தது. ஜலகண்டாபுரத்தில் தறி வைத்திருந்த குடும்பத்தில் அவளைக் கட்டிக் கொடுத்திருந்தார் அப்பா கைலாசம். டெங்குக் காய்ச்சல் ஒரே வாரத்தில் அவளைக் கொண்டுபோய்விட்டது. பிள்ளை இல்லாமல் போன பெண்ணின் சீரைத் திருப்பி அனுப்பிவிடுவது வழக்கம். சம்பந்தி வீட்டார் கட்டில், பீரோ, பாத்திரம் எல்லாவற்றையும் ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். கூடவே வந்திருந்தாள் பிரபாவின் மாமியார் பெருமாயி.

பிரிட்ஜை இறக்கும்போது அவள் சும்மா இருக்கவில்லை. "பாத்து எறக்குங்க. எங்க ஊட்டுல ஒரு கோடைக்கும் குளுந்ததில்ல. பொறந்த ஊட்டுலயாச்சும் குளுருதான்னு பாக்கலாம்."

கைலாசத்துக்கு அது புதுச் செய்தி. வண்டி போனதும் மனைவி அங்கம்மாளிடம் கேட்டார். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"வருசா வருசம் கேஸு அடைப்பாங்க. கொஞ்ச நாள்ல போயிரும். பால் திரிஞ்சா, மாவு புளிச்சா, 'உங்கப்பன் தேடிப் புடிச்சுக் குடுத்த ஓட்டைப் பிரிட்ஜு'ன்னு அந்தம்மா ஆரம்பிச்சுரும். அப்பாகிட்டச் சொல்லிப்போடாதம்மான்னு அவதான் எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டா."

கைலாசம் கதவைத் திறந்து பார்த்தார். உள்ளே அந்துருண்டை வாசம். கடைசிக் காலத்தில் பிரபா அதில் சேலைகளை அடுக்கி வைத்திருந்திருக்கிறாள்.

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் தகடு அடிப்பவர் கைலாசம். ஒரு ரிவெட் நூலளவு விலகினாலும் பிடுங்கிவிட்டு மறுபடி அடிப்பார். அந்த பிரிட்ஜை வாங்கவும் சேலம் வரை போய், கடை கடையாக ஏறி இறங்கி, கதவு ரப்பரைத் தடவிப் பார்த்துத்தான் எடுத்தார். தான் கொடுத்தது ஓட்டைப் பொருளாக இருக்க முடியாது. அவர்கள் வீட்டில்தான் எதையோ செய்து கெடுத்திருக்கிறார்கள். இதைத் தொழில் தெரிந்த ஒருவன் பிரித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். சொன்னால், நேரே ஜலகண்டாபுரத்துக்குப் போய் அந்த அம்மாவின் முகத்துக்கு நேரே கேட்க வேண்டும். மகளுக்காக இனி அவர் செய்யக்கூடியது அது ஒன்றுதான் பாக்கி.

முதலில் வந்தவன் பிளக்கைக் கூடச் சொருகவில்லை. "பழசுங்க. எக்ஸ்சேஞ்சுல தள்ளிப்போட்டுப் புதுசு எடுத்துக்குங்க" என்றான். அடுத்து வந்தவன் கதை முழுவதையும் கேட்டான். கேட்டுவிட்டு, "சந்தேகமே இல்லீங்ணா, தறி ஓடுற ஊட்டுக் கரண்டுல வெச்சுக் கெடுத்துருக்காங்க" என்று அடித்துச் சொன்னான். கைலாசம் கேட்கத் தவித்த வார்த்தை. ஆனால் பின்பக்கத்தில் ஒரு திருகாணி கூடக் கழற்றப்படவில்லை.

"பிரிச்சுப் பாக்காம எப்படிச் சொன்ன?"

"அனுபவந்தானுங்ணா."

"அப்ப ஜோசியம் பாக்கப் போ" என்று அனுப்பிவிட்டார்.

பட்டறைக்கு வந்த டிரைவர் ஒருவர்தான் பிரிட்ஜ் மெக்கானிக் தமிழ்ச்செல்வியின் பெயரைச் சொன்னார். "பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால கடைங்க. அந்தம்மா இருக்கறத மறைக்காது, இல்லாததச் சொல்லாது. அதனாலதான் கூட்டமே இல்ல."

தமிழ்ச்செல்வி வீட்டுக்கு வந்து பிரிட்ஜை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். மோட்டாரை ஓடவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டார்.

"நல்ல கம்ப்ரஸருங்க. ஒரு கொறையும் இல்ல."

கைலாசம் கிட்டே வந்தார். "நல்ல பொருளுதானுங்களே?"

"முதல் தரமுங்க. கேஸு மட்டும் எங்கியோ கசியுது. எங்கன்னு பாத்துரலாம்."

குழாய் வழியாகக் காற்றழுத்தம் ஏற்றிவிட்டு, சோப்பு நுரையை பிரஷ்ஷில் தொட்டு, இணைப்பு இணைப்பாகத் தடவினார். பின்பக்கம் ஒன்றுமில்லை. பிறகு ஐஸ் பெட்டியைத் திறந்து உள்ளே டார்ச் அடித்தார். அங்கேயும் நுரையைத் தடவினார்.

"ஐயா, இங்க வந்து பாருங்க."

ஐஸ் பெட்டியின் பக்கச் சுவரில் 'பிரபா' என்று பெயர் வெட்டியிருந்தது. கடைசி எழுத்தின் காலடியில் ஒரு சோப்புக் குமிழி ஊதி, உடைந்து, மறுபடி ஊதியது.

"இந்தத் தகட்டுக்கு உள்ளதாங்க கேஸு ஓடும். காகிதமாட்டம் இருக்கும். யாரோ பேரு வெட்டற மிஷின அழுத்திப் புடிச்சிருக்காங்க. ஊசிமுனை ஓட்டைங்க, மெதுவாத்தான் கசிஞ்சிருக்கும். எழுத்துக்குள்ள ஓட்டை இருக்கும்னு யாரும் தேடல. கேஸ அடைச்சுட்டு அடைச்சுட்டுப் போயிருக்காங்க."

யாரோ இல்லை. கல்யாணத்துக்கு முந்தின வாரம் சீர்ப் பாத்திரங்களுக்கெல்லாம் பெயர் வெட்டிய கடையிலிருந்து மிஷினை ஒரு மணி நேரத்துக்கு வாங்கி வந்தவர் கைலாசம்தான். சம்பந்தி வீட்டில் மூத்த மருமகள் கொண்டுவந்த பிரிட்ஜும் இருந்தது. தன் மகளுடையது தனியாகத் தெரிய வேண்டும். கதவில் வெட்டினால் பெயிண்ட் போய்விடும் என்று அங்கம்மாள் தடுத்தாள். உள்ளே வெட்டினால் எவனும் சுரண்டி எடுக்க முடியாது என்று அவருக்குத் தோன்றியது. லாரித் தகட்டில் பழகிய கை. எழுத்து ஆழமாக விழுந்ததைத் தடவிப் பார்த்துப் பெருமைப்பட்டதும் நினைவில் இருந்தது.

"நாந்தான் சாமி வெட்டுனேன்."

தமிழ்ச்செல்வி பிரஷ்ஷைக் கீழே வைத்தார். "உங்களுக்கு எப்படிங்க தெரியும்? கடைக்காரன் சொல்லியிருக்கோணும்."

"அடைக்க முடியுமா?"

"எழுத்து மேல பசை போட்டு மூடோணும். இல்லீன்னா பெட்டியவே மாத்தோணும். எப்படிப் பண்ணுனாலும் பேரு இருக்காதுங்க."

கைலாசம் வெளியே வந்து சாலையோரம் நின்றார். பெருமாயிக்குப் போன் போட்டார். மெக்கானிக் சொன்னதை அந்த அம்மாவின் முகத்துக்கு நேரே சொல்வதாக மனதுக்குள் எத்தனையோ தடவை பேசிப் பழகியிருந்தார்.

"ஏனுங்க சம்பந்தி, நல்லாருக்கீங்களா?" என்றாள் பெருமாயி. பின்னால் தறிச் சத்தம்.

"அந்த பிரிட்ஜுங்க... தப்பு எங்க பக்கந்தானுங்க. நாந்தான் பேரு வெட்டி ஓட்டை போட்டுட்டேன். புள்ள மேல ஒரு தப்பும் இல்லீங்க. அதைச் சொல்லோணும்னுதான்."



"அட, போச்சாது உடுங்க. ஒரு பிரிட்ஜுதானுங்களே" என்றாள் பெருமாயி.

நாமக்கல் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. இணைப்பு துண்டிக்கப்பட்ட பிறகும் கைலாசம் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.