ஆடி வெள்ளியின் ஈரத்தலை

சாரல் காலத்தில் எங்களுக்குத் தலை காயாது. வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அவர்கள் வேன் பிடித்துக் குற்றாலத்துக்கு வருகிறார்கள், அருவியில் நனைகிறார்கள், ஜன்னலுக்கு வெளியே கூந்தலைப் பறக்கவிட்டுப் பாட்டுக் கேட்டுக்கொண்டே ஊர் திரும்புகிறார்கள். வீடு போய்ச் சேர்வதற்குள் முடி காய்ந்துவிடும். நாங்கள் இங்கேயே கிடக்கிறவர்கள். ஆனி பிறந்து மலையை மேகம் மூடிவிட்டால் கொடியில் போட்ட சேலையும் காயாது, தலையும் காயாது. உச்சியில் ஒரு புளித்த வாடை ஏறிக்கொள்ளும். அந்த வாடையோடுதான் வேலைக்குப் போக வேண்டும், வர வேண்டும். சீசன் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும்.

நான் வேலை பார்ப்பது தேங்காய் நாரில் கயிறு திரிக்கிற ஒரு ஷெட்டில். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையை விட்டு உள்ளே தள்ளி, வாய்க்கால் ஓரத்தில், தகரக் கூரை போட்டது. திரிக்கிறவர்கள் எல்லாரும் பெண்கள். ஒரே மோட்டார்தான். அதிலிருந்து ஷெட்டின் நீளத்துக்கும் முழங்கால் உயரத்தில் ஒரு இரும்புத் தண்டு ஓடும். அந்தத் தண்டு சுற்றினால்தான் எல்லா மெஷினும் சுற்றும். அடிக்கடி அதில் நார் போய்ச் சுற்றிக்கொள்ளும். சட்டப்படி மோட்டாரை நிறுத்திவிட்டுத்தான் அதைப் பிய்த்து எடுக்க வேண்டும். ஒருத்தி நாருக்காக நிறுத்தினால் எல்லாருடைய கயிறும் நின்றுபோகும், எல்லார் வாயிலும் விழ வேண்டும். அதனால் யாரும் நிறுத்துவதில்லை. ஓடுகிற தண்டில் குனிந்து லாகவமாக இழுத்துவிடுவோம்.

இப்படிப்பட்ட இடத்தில் தலைமுடியை எப்படிக் கட்டுவது என்பது அழகு சமாச்சாரம் இல்லை. காலையில் மோட்டார் போடுவதற்கு முன் வாசலில் வரிசையாகக் குத்தவைத்து, முன்னால் இருப்பவளின் தலையைப் பின்னால் இருப்பவள் கட்டிவிடுவாள். ஆஸ்பத்திரி நர்சுகள் போடுகிற கொண்டை பார்க்க லட்சணமாக இருக்கும், ஆனால் அது ஊசியில் நிற்கிறது. எங்களுக்கு ஊசி ஆகாது. கழன்று நாருக்குள் விழுந்தால் யார் கையிலாவது ஏறிவிடும். எண்ணெயும் கூடாது, தூசி அப்பிக்கொள்ளும். இறுக்கமாக ஒற்றைச் சடை, நுனியில் ரப்பர் பேண்டு, சடையைப் பிடரியோடு ஒட்டச் சுருட்டி நுனியை அடியில் செருக வேண்டும். அதன் மேல் பழைய பருத்திச் சேலைக் கிழிசலை நெற்றியிலிருந்து காதை மூடிக் கொண்டுபோய்ப் பின்னால் முடிச்சுப் போட்டால் முடிந்தது. டீ கொதிக்கிற நேரம்கூட ஆகாது. அலுப்பாக இருந்தால் அவிழ்க்காமலே படுத்து மறுநாளும் அதே கொண்டையோடு வரலாம். பல நாள் நான் அப்படித்தான் வந்திருக்கிறேன். இப்படி இறுக்கி இறுக்கியே எனக்கு முன்நெற்றி மேலே ஏறிவிட்டது. அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை.

எங்கள் பக்கத்து வீட்டு மைனியும் அவள் மகளும் அங்கேதான் வேலைக்கு வந்தார்கள். மைனி என்றால் சொந்தம் இல்லை, தெருவில் கூப்பிட்டுப் பழகிய முறை. மகள் காலேஜ் முடித்தவள், வேறு வேலை கிடைக்கிற வரைக்கும் என்று வந்தவள். அவளுக்கு முடியென்றால் அப்படி ஒரு முடி. இடுப்புக்குக் கீழே, கைக்குள் அடங்காது. சுருட்டிச் செருகினால் துணிக்குள் நிற்காமல் பிதுங்கும். அவளுக்கே அது பாரம்தான்.

"அத்தை, தோளு வரைக்கும் வெட்டிப்போடுதேன்னு சொன்னா அம்மா சண்டைக்கு வருதா. நீங்களாச்சும் சொல்லுங்க" என்பாள்.

நான் சொல்லத்தான் செய்தேன். மைனி காதில் போட்டுக்கொண்டால்தானே.

"ஒனக்கென்ன கோட்டியா பிடிச்சிருக்கு? அவளுக்குன்னு நான் வளத்து வச்ச சொத்து அது ஒண்ணுதான். போற எடத்துக்குப் போயி வெட்டட்டும், வளக்கட்டும், யாரு கேக்கா" என்றாள்.

ஆடி வெள்ளி வந்தது. ஆடி வெள்ளிக்குத் தலைக்குக் குளிக்காமல் விளக்கேற்றுகிற வீடு எங்கள் பக்கம் கிடையாது. விடியுமுன்னே பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டுத்தான் எல்லாரும் ஷேர் ஆட்டோ ஏறினோம். சாரல் வேறு. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறார்களே, எங்கள் தலை ஈரம் மட்டும் பறக்காது. நான் வழக்கம்போல ஈரத்தோடே இழுத்துக் கட்டிக்கொண்டேன். சாயந்திரம் தலைவலிக்கும், மாத்திரை போட்டுக்கொள்ளலாம். அந்தப் பிள்ளைக்கு அது முடியாது. முந்தின வாரம்தான் தலையில் நீர் கோத்து, முகம் வீங்கி, காய்ச்சலில் கிடந்து எழுந்திருந்தாள்.

நான் கிழிசலை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் உட்கார்ந்தேன். மைனி தடுத்தாள்.

"ஈரத்தலைய மடக்கிக் கட்டுனா திரும்பவும் நீர் கோத்துக்கிடும். நுனியில ஒரு முடிச்சுப் போட்டு விடு, போதும். டீக்கு நிக்கும்போது கட்டிக்கிடுவா. அது வரைக்கும் அங்கன மூலையில உக்காந்து நார் பிரிக்கட்டும். மெஷின் பக்கம் வர வேண்டாம்."

இதில் என்ன தப்புச் சொல்ல முடியும்? மகளை நினைத்துப் பயந்துதான் சொன்னாள். வேறு எந்தத் தாயாக இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பாள். பிள்ளை மூலையில் போய் உட்கார்ந்தாள். முதுகு முழுக்க முடி விரிந்து கிடந்தது. நுனியில் மட்டும் சின்ன முடிச்சு.

டீக்கு நிற்பதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் மைனியின் மெஷினுக்குக் கீழே தண்டில் நார் சுற்றிக்கொண்டது. மைனியின் இரண்டு கையிலும் ஓடுகிற கயிறு. விட்டால் அறுந்துபோகும். பக்கத்து மெஷினில் நான் நிற்கிறேன், எனக்கும் அதே கதி. மைனி திரும்பிக்கூடப் பார்க்காமல் கூப்பிட்டாள்.

"ஏட்டி, இங்கன வந்து இத ஒரு இழு இழுத்து விடு."

தினமும் இருபது தடவை சொல்கிற வார்த்தைதான். பிள்ளையும் தினமும் எழுந்து வருகிற மாதிரியே எழுந்து வந்தாள், குனிந்தாள். முடி முதுகிலிருந்து சரிந்து முன்னால் விழுந்தது. நான் கயிற்றை விட்டுவிட்டு ஓடிப்போய் ஸ்விட்சை அடித்தேன். மோட்டார் நின்றது. தண்டு உடனே நிற்கவில்லை. அந்தச் சத்தத்தை நான் எழுதப்போவதில்லை.

இருந்த துணியையெல்லாம் சுற்றித் தலையைக் கட்டி ஆட்டோவில் ஏற்றினோம். தென்காசியில் முதலில் பார்த்துவிட்டு, உடனே திருநெல்வேலிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஆம்புலன்சில் நானும் மைனியும். வழியெல்லாம் பிள்ளை "அம்மா, எரியுது, அம்மா, எரியுது" என்றுதான் சொன்னாள்.

அங்கே ஒரு டாக்டரம்மா வந்து கட்டைப் பிரித்துப் பார்த்தார். சின்ன வயசுதான். நிதானமாக என்னிடம் கேட்டார்.

"பிஞ்சு வந்ததைக் கொண்டு வந்தீங்களாம்மா?"

"எதை?"

"முடியோட சேர்ந்து உரிஞ்சு வந்த தோலை. சுத்தமான துணியில சுத்தி, கவர்ல கட்டி, ஐஸ்ல வச்சுக் கொண்டு வந்தா, சில பேருக்குத் திரும்ப வச்சுத் தைச்சுப் பார்க்க முடியும். அது எங்க இருக்கு?"

இருக்கிறது, தண்டில்தானே இருக்கிறது, இப்போதே ஆளை விட்டுக் கொண்டுவரச் சொன்னால் வந்துவிடும். வராந்தாவில் நின்று ஷெட்டில் இருக்கிற மூத்த அக்காவுக்குப் போன் போட்டேன்.

"யக்கா, தண்டுல இருந்தத எடுத்து வச்சிருக்கியளா?"

"எல்லாம் எடுத்தாச்சுட்டி. பொம்பளப் புள்ள முடி, கண்டவன் காலுல மிதிபடக் கூடாதுல்லா. நாங்க நாலு பேரு சேந்து ஒரு எழ விடாம எடுத்து, மஞ்சத்தண்ணி தெளிச்சு வாய்க்கால்ல விட்டுட்டோம். ஓடுற தண்ணி, ஒரு தோஷமும் வராது. புள்ள எப்படி இருக்கா?"

அவள் எவ்வளவு பாசமாகச் சொன்னாள் என்பதுதான் என்னால் தாங்க முடியாதது. திட்ட வேண்டும்போல வாய் வரைக்கும் வந்தது. யாரைத் திட்டுவது? நான் அங்கே இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். முடியைத் தரையில் போடாதே, மிதிக்காதே, ஓடுகிற தண்ணீரில் விடு என்றுதானே நாங்கள் எல்லாரும் வளர்ந்தோம். விஷயத்தைச் சொன்னேன். உடனே ஷெட்டில் இருந்தவர்கள் அத்தனை பேரும் கரையோடு குளம் வரைக்கும் ஓடித் தேடினார்களாம். சாரலில் வாய்க்கால் கரை தட்டி ஓடுகிற மாதம். ஒன்றும் கிடைக்கவில்லை.

நான் போனை வைத்ததும், "டாக்டரு என்ன கேட்டாவ?" என்றாள் மைனி.

மறைக்க எனக்குத் தெரியாது. அப்படியே சொன்னேன். மைனி சுவரில் சாய்ந்து, அப்படியே வழுக்கித் தரையில் உட்கார்ந்தாள். "நான்லா கூப்பிட்டேன்" என்றாள்.

அடுத்த வாரமே ஷெட்டில் 'தலைமுடியைக் கட்டாமல் உள்ளே வரக்கூடாது' என்று போர்டு மாட்டினார்கள். தண்டுக்குத் தகர மூடியும் போட்டார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் மேஸ்திரியைக் கேட்டேன், "அண்ணாச்சி, இந்தத் தகரம் இத்தனை வருசம் எங்க கிடந்துச்சு?" என்று. ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழத்தோடு வந்தவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. பிள்ளை பிழைத்தாளா, சாப்பிட்டாளா என்று கேட்கிறவர்கள் கம்மி. "முடி முளைக்குமா?" என்றுதான் ஒவ்வொருத்தியும் கேட்டாள், அதுவும் அவள் காதுபடவே. ஒருத்தியை நான் கதவு வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன்.

முளைக்காது. தொடையிலிருந்து தோல் எடுத்து வைத்துத் தைத்தார்கள். நெற்றியிலிருந்து உச்சி தாண்டி முடி இனி வராது என்று டாக்டரம்மா பிள்ளையிடமே நேராகச் சொல்லிவிட்டார். அவள் கேட்டுக்கொண்டாள். அழவில்லை. அம்மாவைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை. மைனி தலை வாரிக்கொள்ளச் சீப்பை எடுத்தால் இவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மைனியும் பார்த்திருக்கிறாள்.

பிள்ளையை வீட்டுக்கு அனுப்பப்போகிறார்கள் என்று தெரிந்ததும், என்னை ஆஸ்பத்திரியில் துணைக்கு வைத்துவிட்டு, வீட்டைக் கழுவி வைக்க மைனி முன்னாலேயே ஊருக்குப் போனாள். சில நாள் கழித்து நான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினேன். மைனி முக்காடு போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள். காற்றில் முக்காடு விலகியது. மொட்டை அடித்திருந்தாள்.

"நேர்ச்சையா மைனி?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"சாமிக்குக் குடுக்க என்ன இருக்கு. இதத் தலையில வச்சுக்கிட்டு அவ முன்னால நான் எப்படி நிக்க?"

பிள்ளையைக் கட்டிலில் உட்காரவைத்தோம். தலையில் ஆஸ்பத்திரியில் போட்டுவிட்ட துணித் தொப்பி. மைனி அவள் காலடியில் தரையில் உட்கார்ந்து, முக்காட்டை முழுதாக எடுத்துவிட்டுத் தலையைக் குனிந்தாள். அத்தனை வாரத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் பிள்ளை அம்மாவை நிமிர்ந்து நேராகப் பார்த்தாள். இனி இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுது தீர்த்துவிடுவார்கள், நல்லது என்று நினைத்துக்கொண்டு நான் கதவோரம் நின்றேன்.

பிள்ளை கையை நீட்டி அம்மாவின் உச்சியில் வைத்தாள். மெதுவாகத் தடவினாள். சவரம் செய்து மூன்று நாலு நாள் ஆகியிருக்கும்.

"ஒனக்கு அதுக்குள்ள முளைக்க ஆரம்பிச்சிட்டு, அம்மா" என்றாள்.