கிளான்சியின் குறைகள்

லோர்னா பெட்டிட் பொய் சொல்லமாட்டாள் என்பது ஆஸ்திரேலியாவின் கொண்டோபொலின் ஊருக்கே தெரியும். பள்ளிப் பேருந்து ஓட்டிய காலத்தில், பிள்ளை யாரைக் கடித்தான் என்பதைத் தாயின் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். ஓய்வு பெற்றபின் நாய் மீட்புக் குழுவில் சேர்ந்தாள். தெருவில் பிடித்த நாய்களை அடைக்கும் கொட்டடியில் கெடு முடிந்து, கொல்லும் ஊசிக்குக் காத்திருக்கும் நாய்களைக் குழுவினர் எடுத்துவருவார்கள். தத்தெடுக்க ஆள் கிடைக்கும்வரை ஒருவர் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வார். கேட்டு வருகிறவர்களிடம் நாயின் குறைகளை ஒன்றுவிடாமல் சொல்லவேண்டும் என்பது அவர்களுக்குள் எழுதாத விதி. மறைத்துக் கொடுத்த நாய் திரும்பி வந்துவிடும்.

லோர்னா கொடுத்த நாய் எதுவும் திரும்பி வந்ததில்லை. ஆனால் கிளான்சி வந்தபிறகு கொடுப்பதே நின்றுபோயிற்று. ஆடு மேய்க்கப் பழக்கிய கெல்பி இன நாய் அது. ஆட்டைக் கண்டால் வண்டிக்கு அடியில் புகுந்துகொள்ளும். பண்ணைக்காரன் கைவிட்டான். குளிர்காலத் தொடக்கத்தில் வந்தது. இப்போது குளிர் முடிந்து வேலியோர வாட்டில் மரங்கள் மஞ்சளாகப் பூத்துவிட்டன. பார்க்க வந்த குடும்பங்கள் தேநீர் குடித்துவிட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்று போய்விட்டன.

அன்று வந்தவர் மெர்வ் டன்ஸ்டன், தனியாக வாழும் முன்னாள் ரொட்டிக் கடைக்காரர். குழுவை நடத்தும் க்வெண்டாவும் கூட வந்திருந்தாள்.

"இடி இடிச்சா கதவு வலையைக் கிழிச்சிடும்," என்றாள் லோர்னா. "தனியா விட்டா ஊளையிடும். உங்க வீட்டுப் பக்கம் ஆடு இருக்கா?"

"இல்லம்மா. எதிர்ல தபாலாபீஸ்தான்."

"தபால்காரரையும் பிடிக்காது."

"எனக்கும் அந்த ஆளைப் பிடிக்காது," என்றார் மெர்வ். ஆனாலும் அவர் கை தொப்பியைத் தேடியது.

க்வெண்டா லோர்னாவைத் துணி துவைக்கும் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

"ஏன்டி, நாயைக் குடுக்கப் பாக்குறியா, வந்தவரை விரட்டப் பாக்குறியா?"

"நான் சொன்னதுல எது பொய்?"

"எதுவுமில்ல. போன வருசம் அந்த லாப்ரடார் உன் சோபாவையே தின்னுச்சு. அதைக் கேக்க வந்தவங்ககிட்ட சொல்லிட்டு, 'ஆனா பாசக்காரக் கழுதை'ன்னும் சொன்ன. இவனுக்கு ஒரு 'ஆனா' வந்துச்சா?"

லோர்னா கூடையிலிருந்த துணியை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.

"வச்சுக்கணும்னா வச்சுக்க. தப்பில்ல. ஆனா உன் முழங்கால் வலிக்கு ஒரு நாய்க்கு மேல ஆகாது. கொட்டடியில வயித்துல குட்டியோட ஒருத்தி கிடக்கா. வெள்ளிக்கிழமை ஊசி. வேற எந்த வீட்லயும் இடமில்ல."

க்வெண்டா வெளியே போனபிறகும் லோர்னா அங்கேயே நின்றாள். பொய் சொல்லாதவள் என்ற பெயரை அவள் இதுவரை சோதித்துப் பார்த்ததில்லை. உண்மைகளைப் பொறுக்கி எடுத்து அடுக்கினால் அதுவும் ஒரு வேலிதான். ஒவ்வொரு பலகையும் நல்ல மரம், உள்ளே யாரும் வரமுடியாது. தனக்கு நாய் வேண்டும் என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தனக்கே சொல்லிக்கொள்ளாததுதான் அதில் மோசம்.

திரும்பி வந்தபோது மெர்வ் எழுந்து நின்றிருந்தார்.

"உக்காருங்க. இன்னும் முடியல," என்றாள். "நீங்க போன் பேசினா வந்து உங்க பாதத்து மேல தாடையை வைக்கும். செருப்பைத் தூக்கிட்டுப் போகும், ஆனா கடிக்காது, அதுமேல படுத்துக்கும். உடம்பு முடியாம நான் படுத்துக் கிடந்த அன்னிக்கு, சோறு வச்சும் திங்காம வாசப்படியிலயே கிடந்துச்சு."

மெர்வ் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றினார். "இவ்வளவு நல்லவன்னா நீங்களே வச்சுக்கலாமே?"

"ஆசைதான்," என்றாள் லோர்னா. அதை வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல்தடவை. "வச்சுக்கிட்டா, அடுத்து வர்றவ எங்க படுப்பா?"

மெர்வ் தொப்பியை மேசைமேல் வைத்துவிட்டுக் குனிந்து கையை நீட்டினார். கிளான்சி வெகுநேரம் முகர்ந்தது. ரொட்டி வாசனை இன்னும் மிச்சமிருந்ததோ என்னவோ.

மாலையில் நாயை ஏற்றிக்கொண்டு அவருடைய வண்டி தெருமுனை திரும்பும்வரை பார்த்துவிட்டு, லோர்னா கிளான்சியின் போர்வையை வெந்நீரில் ஊறப்போட்டாள். பிறகு க்வெண்டாவைப் போனில் கூப்பிட்டு, "வெள்ளிக்கிழமை வரைக்கும் எதுக்கு? நாளைக்கே கூட்டிட்டு வா," என்றாள்.