சாக்கில் எழுதிய பெயர்

கொடைக்கானலில் என் மகள் ஒன்றாம் வகுப்புப் படிக்கிறாள். அவளுடைய மிஸ் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்.

"லெட்டர்ஸைப் பார்த்தாலே அழறாம்மா. வீட்ல தமிழ் சொல்லித் தர்றதை ஸ்டாப் பண்ணுங்க, குழம்பிப் போறா. இங்கிலீஷ்ல மட்டும் பேசுங்க. இல்லேன்னா அடுத்த வருஷமும் இதே கிளாஸ்தான்."

பக்கத்து வில்பட்டியில் எங்கள் பூண்டுக் காட்டில் களையெடுக்கிறவள் யாரோடு இங்கிலீஷ் பேசுவது? பூண்டோடா? வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, "சரிங்க" என்று எழுந்து வந்தேன். சொன்னேனே தவிர, கேட்பதாக இல்லை.

வீட்டுக்காரர் மிஸ் பக்கம். "படிச்சவங்க சொன்னாக் கேளேன்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிளாஸ் போனால் போகட்டும், பிள்ளைக்கு எழுத்து என்றாலே பயம் என்று ஆகிவிட்டால்? புத்தகத்தைத் தூக்கிப் பரண்மேல் போட்டேன். பஸ் போர்டு, தீப்பெட்டி, உரமூட்டை என்று கண்ணில் பட்டதையெல்லாம் நான் ஒன்று படிப்பேன், அவள் ஒன்று படிப்பாள். அடுப்படிச் சுவர் முழுக்கக் கரியால் கிறுக்கினாள். தப்பாக எழுதினாலும் நான் திட்டவில்லை. மெல்ல மெல்ல அழுகை நின்றது.

மண்டிக்குப் போகும் சாக்குகளில் வீட்டு ஆம்பளை பெயரின் முதலெழுத்தை நீலச் சாயத்தில் போடுவது எங்கள் ஊர் வழக்கம். ஒரே லாரியில் எல்லார் வீட்டு மூட்டையும் போகும், அடையாளம் வேண்டுமே. அன்று லாரிக்காரர் ஹாரன்மேல் ஹாரன் அடித்தார். நான் சாக்கு தைக்கிற அவசரத்தில் சாயக் குச்சியை மகளிடம் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் வெள்ளனே மண்டியிலிருந்து வீட்டுக்காரருக்குப் போன். ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏதோ பொம்பளப் புள்ள பேரு போட்ட மூட்டைங்க கெடக்கு. ஒங்க ஊரு லாரியிலதான் வந்துச்சு. யாரு சரக்குங்க?"

அவர் மகள் பக்கம் திரும்பினார். "சாக்குல என்ன புள்ள எழுதி வச்ச?"

"என் பேரு."

ஒற்றை எழுத்து இல்லை, முழுப் பெயர். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவளாக எழுதியிருக்கிறாள். எனக்கு நெஞ்சு பூரித்துப்போனது. அவரோ என்னை முறைத்தார். "பொட்டப்புள்ள பேரச் சாக்குல போட்டா ஊரே சிரிக்கும்."

பிள்ளைக்கு உதடு பிதுங்கிவிட்டது. இப்போது அழுதால் இனி எழுதவே மாட்டாள். போனைப் பிடுங்கினேன்.

"எங்க சரக்குதாங்கண்ணே. எழுதுனது எம் மக. இனி எங்க மூட்டை அந்தப் பேருலதான் வரும், நல்லாப் பாத்து வச்சுக்கங்க."