சிவப்புப் பொட்டு வைத்த பல்சக்கரம்

மதுரையில் என் வீட்டு வாசலிலிருந்து மார்க்கையன்கோட்டைக்கு நூற்றிரண்டு கிலோமீட்டர் என்று வண்டி மீட்டர் காட்டியது. அந்த மீட்டரையும் நான் முழுசாக நம்புவதில்லை. 2003, மாசி மாதம், ஒரு வியாழக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினேன். பெட்ரோல் பங்கில் பூஜ்யம் விழுகிறதா என்று கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு மூன்று லிட்டர் போட்டுக்கொண்டேன். பங்குக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். எனக்கு அது பழகிப்போன பார்வைதான்.

என் வேலை பஸ்ஸில் ஏறி டிக்கெட் பரிசோதிப்பது. பதினாறு வருடமாக அதே பிழைப்பு. ஒருவர் சட்டைப் பையைத் தடவுகிற விதத்திலேயே டிக்கெட் இருக்கிறதா, இருப்பதாக நடிக்கிறாரா என்று சொல்லிவிடுவேன். இந்தக் கண்ணை வீட்டு வாசலில் செருப்போடு கழற்றி வைக்க முடியுமா? கூடவே உள்ளே வந்துவிடுகிறது.

பயணத்தின் காரணம் என் தங்கை செல்வி. வயது இருபத்தொன்பது, தையல் டீச்சர். அப்பா இல்லாததால் மாப்பிள்ளை விசாரிக்கும் பொறுப்பு என்னுடையது. ஏற்கெனவே இரண்டு இடங்களை நான் விசாரித்து ஒதுக்கியிருந்தேன். ஒருவன் என்ஜினியர் என்று சொல்லிக்கொண்ட எடுபிடி, இன்னொருவனுக்கு முதல் கல்யாணமே இன்னும் ரத்தாகவில்லை. மூன்றாவதாக வந்தவர்தான் மார்க்கையன்கோட்டை சன்னாசி. சொந்தமாக டூவீலர் பட்டறை, மூன்று குழி, அதாவது ஏறக்குறைய இரண்டு ஏக்கர் நெல் வயல், வெற்றிலை பாக்குகூடப் போடமாட்டார் என்றார் தரகர். தரகர் சொன்னதில் பாதியைக் கழித்துவிட்டேன். மீதிப் பாதியைச் சோதிக்கத்தான் இந்தப் பயணம்.

செல்வி எந்த இடத்தையும் பிடித்திருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னவள் இல்லை. இந்த முறை சொன்னாள்.

“பேரு சன்னாசியா இருந்துக்கிட்டு கல்யாணம் கேக்குறாக பாரு. எனக்குப் புடிச்சிருக்குண்ணே. ஒளிஞ்சு நின்னு விசாரிக்காத. நான்தான் பொண்ணோட அண்ணன்னு சொல்லி நேருக்கு நேர் பேசிட்டு வா.”

சரி என்றேன். அப்படிச் செய்யும் எண்ணம் எனக்குக் கடுகளவும் இருக்கவில்லை.

என் திட்டம் வேறு. வண்டியில் செயின் தேய்ந்து கிடந்தது. நான் தெருமுனை திரும்பும்போதே அதன் கறகற சத்தம் கேட்டு, செல்வி அடுப்பில் டீக்கு வைத்துவிடுவாள். ஆனால் பின்சக்கரத்தில் செயின் ஓடுகிற பல்சக்கரம் புதுசு. கார்த்திகையில் அதை மட்டும் மாற்றியிருந்தேன். ஆகவே நேர்மையான மெக்கானிக் என்றால் செயினை மட்டும் மாற்றச் சொல்ல வேண்டும். எல்லாம் போச்சு, முழு செட்டாக மாற்று என்றால் ஆள் ஏமாற்றுக்காரன். போதாததற்குச் செல்வியின் நெயில் பாலிஷை எடுத்துப் பல்சக்கரத்தில் சிவப்பாக ஒரு பொட்டு வைத்தேன். என்னுடையதைக் கழற்றி ஒளித்துவிட்டு வேறு பழசைக் காட்டினால் பிடித்துவிடலாம் அல்லவா? என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

காலை ஏழு மணி, உசிலம்பட்டி. டீ இரண்டு ரூபாய், பாலைவிடத் தண்ணீர் தாராளம். ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்போது செயின் கழன்றுவிடுமோ என்று காதை அங்கேயே வைத்துக்கொண்டு ஓட்டினேன். கணவாய் தாண்டியதும் காற்றே மாறிவிடுகிறது. அதுவரை முகத்தில் அடித்த வறட்டுக் காற்றுக்குள் எங்கிருந்தோ ஒரு ஈரம் சேர்ந்துகொள்கிறது.

எட்டரைக்குத் தேனி. வீரபாண்டி தாண்டி, சீலையம்பட்டி வழியாகச் சின்னமனூர் வரைக்கும் தென்னையும் வாழையும் நெல்லும் மாறி மாறி வருகின்றன. இரண்டு பக்கமும் மலை. மேற்கே நிற்கிற மலைக்கு அந்தப் பக்கம் கேரளம். மதுரைக் கட்டாந்தரையில் வளர்ந்தவனுக்கு மாசியில் இத்தனை பச்சையைப் பார்த்தால் சந்தோஷம் வர வேண்டும். எனக்கு, இவ்வளவு செழிப்பான ஊர்க்காரன் மதுரையில் வந்து ஏன் பெண் கேட்கிறான் என்ற யோசனைதான் வந்தது.

ஒன்பதே முக்கால், மார்க்கையன்கோட்டை. பட்டறைக்கு எதிரே இருந்த டீக்கடையில் முதலில் உட்கார்ந்தேன்.

“எதிர்த்த பட்டறையில வேலை எப்படிங்க?”

“சன்னாசியா? நல்லாப் பாப்பாப்ல,” என்றார் கடைக்காரர். என் நம்பர் பிளேட்டை ஒரு பார்வை பார்த்தார். “மதுரை வண்டியா இருக்கு. இங்கன வர்ற வரைக்கும் வழியில ஒரு பட்டறைகூடவா இல்ல?”

சொந்தக்காரராக இருப்பாரோ என்று தோன்றியது. பாதி டீயோடு எழுந்துவிட்டேன்.

பட்டறை என்பது தகரக் கொட்டகை. உள்ளே சுவரில் ஸ்பானர்கள் அளவு வாரியாகத் தொங்கின. விருந்தாளி வருகிறார் என்று தெரிந்து அடுக்கி வைத்த மாதிரி இருந்தது. சன்னாசி போட்டோவில் பார்த்ததைவிடக் கறுப்பு, மெலிசு. என்ன ஏது என்று கேட்காமல் குத்த வைத்து, பின்சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்டார். செயின் கவரைக் கழற்றினார். பல்சக்கரத்தின் பின்பக்கம் செயினை இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். அது பல்லை விட்டு எழுந்து வந்தது, இடுக்கில் வெளிச்சம் தெரிந்தது. கிரீஸைத் துணியால் துடைத்துக்கொண்டே வந்தவர் என் சிவப்புப் பொட்டுக்கு நேரே ஒரு நொடி கையை நிறுத்தினார். பொட்டை மட்டும் விட்டுவிட்டு மீதியைத் துடைத்தார்.

“முழு செட்டாத்தான் மாத்தணும்ண்ணே. முன்னாடி, பின்னாடி ரெண்டு பல்லும் போச்சு.”

நூற்றிரண்டு கிலோமீட்டர் ஓடி வந்த வேலை அந்த இடத்தில் முடிந்துவிட்டது. உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது, மறைக்காமல் சொல்கிறேன். டிக்கெட் இல்லாத ஆளைப் பிடிக்கும்போது வருகிற அதே சந்தோஷம்.

“பின்னாடி பல்லு கார்த்திகையிலதான் மாத்துனது தம்பி.”

“மாத்தியிருப்பீக. ஆனா பழைய செயின அப்படியே விட்டுட்டீகள்ல? இழுத்துப்போன செயினு புதுப் பல்லத் தின்னுரும்ண்ணே. இந்தா பாருங்க, ஒரு பக்கமாச் சாஞ்சிருச்சு.”

நான் பார்க்கவில்லை. எல்லாத் திருட்டுக்கும் ஒரு விளக்கம் உண்டு என்பது என் அனுபவம்.

“செயின் மட்டும் மாட்டுங்க, போதும்.”

“செயின் மட்டும்னா ஆடி வரைக்கும் தாங்காது. இப்ப பல்லு செயினத் திங்கும். அப்புறம் என்னையத்தான் வைவீக.”

“மாட்டுங்க தம்பி.”

பழைய செயினின் கிளிப்பைத் தட்டிக் கழற்றி உருவினார். புதுச் செயினைக் கோத்து, கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையில் இருக்கும்படி வைத்து அழுத்தினார். தொய்வு பார்த்து நட்டை முறுக்கினார். மூன்று முறை சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்தார், மூன்று முறையும் தலையை ஆட்டிக்கொண்டார். அந்த அதிருப்தியும் நடிப்பு என்றே எடுத்துக்கொண்டேன். செயின் இருநூற்றெண்பது ரூபாய், கூலி நாற்பது. டீ சாப்பிடுங்கள் என்றார். வேண்டாம் என்றேன். டீ வாங்கிக் கொடுத்து விழ வைக்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மத்தியானம் இரண்டு மணிக்கு மதுரை. செல்வி வாசலிலேயே நின்றிருந்தாள்.

“பேசினியாண்ணே?”

“ஆளு சரியில்ல. நல்லா இருக்கற சாமானையே போச்சுங்கறான்.”

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு “சரிண்ணே” என்றாள். தன்னிடம் இருந்த சன்னாசியின் போட்டோவை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தாள். அன்று ராத்திரி வயிறு சரியில்லை என்று சாப்பிடவில்லை. எதை எதையோ சந்தேகப்படுகிறவன் அந்த வயிற்று வலியைச் சந்தேகப்படவில்லை. மறுநாளே தரகரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

வைகாசி பாதியிலேயே செயினில் பழைய சத்தம் திரும்பிவிட்டது. கடைசி வாரத்தில் ஒரு நாள் மேம்பாலம் ஏறும்போது செயின் பல்லைத் தாண்டிக் குதித்தது. மூன்று மாதத்தில் போகிற செயின் போலிச் செயினாகத்தான் இருக்க வேண்டும். சனிக்கிழமை காலை மறுபடி கிளம்பினேன். இந்த முறை சண்டை போட.

ஆண்டிபட்டிக் கணவாயில் இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினேன். தேனி தாண்டியதும் மேற்கே இருந்து காற்று. வண்டியைச் சாலையின் ஓரத்துக்குத் தள்ளுகிறது. மலை உச்சியே தெரியாமல் மேகம் மூடியிருந்தது, சின்னமனூரில் சாரல். சட்டையெல்லாம் புழுதியும் ஈரமுமாக, மதியம் பன்னிரண்டு மணிக்குப் பட்டறை வாசலில் போய் நின்றேன்.

அங்கே மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்து மேஸ்திரி ஒருவர் தன் வண்டிக்காகக் காத்திருந்தார். சன்னாசி நிமிர்ந்து பார்த்தார்.

“வாங்கண்ணே. ஆடிக்கு முன்னாடியே வந்துட்டீக.”

“போலிச் செயின மாட்டிவிட்டு இளிக்கிறீங்களா?” என்றேன். மேஸ்திரி பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

சன்னாசி கோபப்படவில்லை. சக்கரத்தைக் கழற்றினார். பல்சக்கரத்தை எடுத்து மண்ணெண்ணெயில் கழுவி என் கையில் கொடுத்தார். அலமாரியிலிருந்து புதுசு ஒன்றை எடுத்து அதன்மேல் வைத்தார். புதுசின் பல் இரண்டு பக்கமும் ஒரே சாய்வாக இருந்தது. என்னுடையதில் ஒவ்வொரு பல்லும் அரிவாள் மூக்காக வளைந்து, நுனியில் கூர்மையாகி, சில பாதிகூட இல்லை. மாற்றி வைத்துவிட்டார் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சிவப்புப் பொட்டு அப்படியே இருந்தது.

பல்சக்கரத்தை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

“முழு செட்டா மாத்திருங்க தம்பி,” என்றேன்.

வேலை நடக்கும்போது மேஸ்திரி கேட்டார், “மாப்ள, ஆவணியில மொத முகூர்த்தமா, ரெண்டாவதா?”

சன்னாசி என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, “ரெண்டாவது,” என்றார். “பண்ணைப்புரத்துல பொண்ணு. போன வாரந்தான் பூ வச்சுட்டு வந்தோம்,” என்று எனக்கும் சேர்த்துச் சொன்னார்.

மேஸ்திரி வண்டியை எடுத்துக்கொண்டு போகும்வரை காத்திருந்தேன்.

“நான் யாருன்னு தெரியுமா தம்பி?”

“அன்னைக்கே தெரியும்ண்ணே. பொண்ணோட அண்ணன் செக்கிங்கு, ஒருநா சொல்லாம வந்து நிப்பாருன்னு தரகர் சொல்லியிருந்தாரு. அந்தச் செவப்புப் பொட்டப் பாத்ததும் நீங்கதான்னு புரிஞ்சுபோச்சு.”

“தெரிஞ்சுமா முழு செட்டும் போச்சுன்னு சொன்னீங்க? செயின் மட்டும் போதும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா…”

அவர் ஸ்பானரைக் கீழே வைக்காமலே சொன்னார்: “பல்லு தேஞ்சிருந்துச்சேண்ணே.”

நட்டை முறுக்கி முடித்தார். சக்கரத்தைச் சுற்றிவிட்டார். ஒரே ஒரு முறைதான். தலையை ஆட்டவில்லை. செட் ஐந்நூற்றெழுபது, கூலி அறுபது. இந்த முறை டீ வாங்கிக் கொடுத்தார், குடித்தேன். எதிர்க் கடைக்காரர் என்னை எதுவும் கேட்கவில்லை. எல்லாம் தெரிந்துதான் கேட்காமல் இருந்தார் என்று நினைக்கிறேன். பழைய பல்சக்கரத்தைச் செய்தித்தாளில் சுற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

திரும்பும் வழியில் ஏலத்தோட்ட ஜீப்புகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு வரிசையாக வந்துகொண்டிருந்தன. ஒரு ஜீப்பில் பதினைந்து பேருக்குக் குறையாது. யார் மடியில் யார் என்று தெரியாமல் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள். அந்த ஜீப்பில் ஏறி டிக்கெட் கேட்க ஆள் இல்லை. வண்டி கணவாயில் தண்ணீரில் வழுக்குகிற மாதிரி ஏறியது. நூற்றிரண்டு கிலோமீட்டரும் எனக்கு வெட்கமாக இருந்தது. ஏமாந்துவிடக் கூடாது என்று காவல் காத்துக்காத்து, வந்த நல்லதை நானே வாசலில் நிறுத்தி இறக்கிவிட்டிருக்கிறேன். வேறு யாரும் என்னை இத்தனை பெரிதாக ஏமாற்றியதில்லை.

சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கள் தெருமுனை திரும்பினேன். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியும் செல்வி வரவில்லை. உள்ளே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கூப்பிட்டதும்தான் எழுந்து வந்தாள்.

“எப்பண்ணே வந்த? சத்தமே கேக்கல. டீக்கு வைக்கலையே.”

பொட்டலத்தை அவள் கையில் கொடுத்து, இரண்டு பயணத்தையும் ஒளிக்காமல் சொன்னேன். பூ வைத்ததையும் சொன்னேன். அவள் காகிதத்தைப் பிரித்து, வளைந்த பல்லில் பெருவிரலை வைத்துப் பார்த்தாள். தன் நெயில் பாலிஷைப் பார்த்தாள். பிறகு வாசலுக்கு வந்து, குனிந்து, கையால் பின்சக்கரத்தை மெதுவாகச் சுற்றிவிட்டுக் கேட்டாள்.

“நல்லாத்தான் மாட்டியிருக்காக,” என்று சொல்லிவிட்டு டீ போட உள்ளே போனாள்.