கொஞ்சம் நீண்ட கோரைப்பற்கள்

பல்லியைக் கண்டால் நாற்காலிமேல் ஏறி நின்றுகொள்ளும் மனிதருக்குப் பிணங்கள் எழுந்து நடமாடும் படக்கதைகள் எப்படிப் பிடித்துப்போயின? என் சகலையை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்விதான் முன்னால் வந்து நிற்கிறது. அச்சத்தைப் பற்றித் தத்துவ நூல்கள் சொல்லும் எதுவும் அவருக்குச் சரியாகப் பொருந்தவில்லை. குறை நூல்களுடையதா அவருடையதா என்று எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை.

அவர் என் மனைவியின் அக்காவை மணந்தவர். பல் செட் செய்வது தொழில். ஒரு பல் மருத்துவமனையின் பின்னறையில், ஜன்னலோரம் அவருடைய மேசை. டாக்டரம்மா எடுத்துத் தரும் வாயச்சில் பிளாஸ்டரை ஊற்றி, அது இறுகியதும் மேலே மெழுகை உருக்கி, ஒவ்வொரு பல்லாக நடுவார். மெழுகு செட்டை நோயாளியின் வாயில் டாக்டரம்மா வைத்துப் பார்த்துச் சரி என்றால்தான் அதைக் கெட்டியாக வார்ப்பார்கள்.

வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவர் என்று சிலரைச் சொல்வோம். இவர் விரல் வைத்தவரிடம் மன்னிப்புக் கேட்கிற ரகம். கடைக்காரர் அழுகிய தக்காளியைப் போட்டாலும் நன்றி சொல்லி வாங்கிவருவார். யாரிடமும் எதையும் முடியாது என்று அவர் சொல்லி நாங்கள் கேட்டதில்லை.

அவருடைய மகள் வெளியூருக்குப் படிக்கப் போனபோது ஒரு பெட்டி நிறைய மங்கா புத்தகங்களை விட்டுப்போனாள். எல்லாம் வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டிய ஜப்பானியப் படக்கதைகள். அதிலும் இருட்டுக் கோட்டை, கறுப்புச் சிறகு, சவப்பெட்டி வகை. நான் ஒன்றை எடுத்து இடது பக்கம் திறந்து, முடிவைப் படித்துவிட்டுக் கீழே வைத்தேன். சகலை வலமிருந்து திறந்து நேராகப் படிக்க ஆரம்பித்தார். யாரும் சொல்லித்தரவில்லை. அவர் மேசையில் இருக்கும் வாய்கள் எல்லாம் அவரைப் பார்த்தபடி இருப்பவை. நோயாளியின் வலது எப்போதும் அவருக்கு இடதுதான். ஆயுள் முழுக்க மாற்றிப் பார்த்துப் பழகியவருக்கு அந்தப் புத்தகம் ஒன்றுதான் நேராக இருந்ததோ என்னவோ.

"அப்படி என்னதாங்க இருக்கு அதுல? ஒரே எலும்பும் இருட்டுமா" என்று கேட்டார் அவர் மனைவி, என் அண்ணி.

"ராஜகுமாரி செத்துப்போயிட்டா. அவ எலும்பையெல்லாம் உறவுக்காரங்க ஆளுக்கொண்ணா எடுத்துட்டுப் போயிட்டாங்க. செத்தவ எழுந்து ஒவ்வொரு வீடாப் போய்க் கேட்டு வாங்குறா."

"கேட்டா குடுத்துடுவாங்களா?"

"மொதல்ல குடுக்க மாட்டாங்க. அப்புறம் லேசா சிரிப்பா. அவ கோரைப்பல்லப் பாத்ததும் குடுத்துடுவாங்க."

அண்ணி தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார். சகலை அடுத்த பக்கத்துக்குப் போனார்.

விஷயம் வெளிப்பட்டது எங்கள் மாமனாரால். மாப்பிள்ளை கையால் செய்த புது செட்டோடு ஒரு கல்யாணத்தில் குடும்பப் படத்துக்கு நின்றார். எல்லாரும் சிரிக்க, அவரும் சிரித்தார். புகைப்படக்காரர் கேமராவை இறக்கிவிட்டார்.

"ஐயா மட்டும் வாய மூடிக்கிட்டு ஒண்ணு எடுத்துக்கலாமா?"

கோரைப்பற்கள் இரண்டும் மற்ற பற்களைவிடக் கொஞ்சம் நீளம். கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சம் போதுமானதாக இருந்தது.

படம் டாக்டரம்மா கண்ணில் பட்டது. அவர், செய்து கொடுத்த செட்டுகளின் நகல் அச்சுகளை அலமாரியிலிருந்து இறக்கிப் பார்த்தார். சகலை மங்கா படிக்கத் தொடங்கிய பிறகு செய்த எல்லா செட்டுக்கும் அதே கோரைப்பல். மெழுகில் பார்க்கும்போது டாக்டரம்மாவின் கண் கடைவாய்ப்பல் சரியாகக் கடிக்கிறதா என்பதிலேயே இருந்திருக்கிறது.

"என்ன இதெல்லாம்?"

"தெரியலம்மா. கை அப்படிப் போயிருக்கு."

"எல்லாரையும் கூப்பிட்டு ராவிக் கொறச்சுக் குடுக்கப் போறேன். ஒருத்தர் புகார் சொன்னாலும் நீங்க வேற எடம் பாத்துக்கணும்."

வேறு இடத்தில் போய் வேலை கேட்க அவருக்கு வாய் வராது. அண்ணிக்கு அது தெரியும். அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

முதலில் வந்தவர் ஒரு பெண்கள் விடுதியின் வார்டன். ராவ வேண்டும் என்றதும் வாயை இறுக மூடிக்கொண்டார். பிறகு கையால் மறைத்தபடி பேசினார்.

"எதுக்குக் கொறைக்கணும்? இதப் போட்ட நாள்லேருந்து பொண்ணுங்க கேட் சாத்துறதுக்குள்ள வந்துடுறாங்க. முந்தி நான் கத்துவேன். இப்ப குட் ஈவினிங்னு சொல்றேன், அவ்வளவுதான்."

ஒரு வயதான வக்கீல், இதைத் தொட்டால் வழக்குப் போடுவேன் என்றார். சாந்தமான ஒரு தையற்காரர் மட்டும் ராவச் சம்மதித்தார். மறுவாரமே திரும்பி வந்தார். "பழசு மாதிரியே பண்ணிடுங்கம்மா. துணி குடுத்தவங்க மறுபடி தெனமும் வந்து சண்ட போடுறாங்க."

கடைசியாக மாமனார். "மாப்பிள்ள, இதுல கைய வச்சீங்கன்னா எனக்கு மூத்த பொண்ணே கெடையாதுன்னு நெனச்சுக்குவேன். இப்பத்தான் நான் பேசினா வீட்டுல டிவி சத்தத்தக் கொறைக்கிறாங்க."

புகார் ஒன்றுகூட வரவில்லை. மாறாக, வார்டனுக்கு வைத்ததுபோல் வேண்டும் என்று கேட்டுப் புது ஆட்கள் வரத்தொடங்கினார்கள். இருக்கும் நல்ல பற்களைப் பிடுங்கிவிட்டு அதை வைக்க முடியுமா என்றுகூட ஒருவர் விசாரித்தார். சகலையைப் பெரிய கலைஞர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கை தவறியதைக் கலை என்பது சோம்பேறித்தனம். ஆனால் தேவை எங்கே இருக்கிறது என்று அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது. அதை ஒத்துக்கொள்கிறேன்.

டாக்டரம்மா பின்னறைக்கு வந்தார். குரலில் பழைய கடுமை இல்லை.

"உங்க வேல பத்திரம். மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க. இனிமே எல்லாருக்கும் அப்படியே வச்சிடுங்க. கேட்டுத்தான் வர்றாங்க."

சகலை மெழுகுக் கத்தியைத் துடைத்துக் கீழே வைத்தார்.

"இல்லம்மா. வைக்கல."

"ஏன்? என்ன ஆச்சு?"

"வைக்கல."

"நானே சொல்றேன்ல? அப்புறம் வர்றவங்ககிட்ட நான் என்ன பதில் சொல்றது? வேற ஆளத்தான் பாக்கணும்."

"பாருங்கம்மா" என்றார். அவர் ஒருவரிடம் முடியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

டாக்டரம்மா வேறு ஆளைப் பார்க்கவில்லை. அண்ணி கேட்டார், மாமனார் கேட்டார், நானும் என் பங்குக்கு இரண்டு விதமாகக் கேட்டுப் பார்த்தேன். எல்லாருக்கும் அதே 'வைக்கல'தான். மங்காவை விட்டுவிட்டாரோ என்றால் அதுவும் இல்லை. மகளிடம் சொல்லி அடுத்த பாகங்களை வரவழைத்திருந்தார். மேசையில் ஒரு புது வாயச்சு காத்திருந்தது. அவர் மெழுகை உருக்கி, கோரைப்பற்கள் இரண்டையும் மற்ற பற்களோடு ஒரே மட்டமாக நட்டார்.